கம்ப்யூட்டருக்குள் கட்டிய எஸ்டேட்

எண்பதுகளின் கடைசியில் கூலிம் பட்டணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் வேலை செய்தேன். அங்கே ஒரு கம்ப்யூட்டரைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்து வைத்திருந்தோம். வீட்டில் கம்ப்யூட்டர் உள்ளவர் யாரும் அந்த எண்ணுக்கு அழைத்து, நான் எழுதிய உலகத்துக்குள் நுழைந்து விளையாடலாம். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'வடக்கே போ' என்று தட்டினால் வடக்கே என்ன இருக்கிறது என்று திரையில் வரும். தமிழ் எழுத்து அந்தப் பெட்டிக்குத் தெரியாது, எல்லாம் மலாயில்தான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் வரலாம்.

எந்த உலகத்தை வேண்டுமானாலும் படைத்திருக்கலாம். கடல், வானம், அரண்மனை, யார் தடுத்தார்கள்? நான் போய் பாடாங் மேஹா பக்கம் நான் பிறந்த ரப்பர் எஸ்டேட்டையே கட்டிவைத்தேன். புத்தி அவ்வளவுதான். அதிலும் உள்ளே வந்தவுடன் பெரட்டு. விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதே பெரட்டு. பதில் தட்டாதவரை, பேர் கூப்பிடும் என் கிராணி, அதாவது எஸ்டேட் கணக்கர், வீட்டுக்கு அனுப்பிவிடுவார், லைன் அறுந்துவிடும். எனக்கு அது பிரமாதமாகத் தோன்றியது. முதல் வாரம் வந்தவர்கள் இரண்டாம் வாரம் வரவில்லை.

"ஏம்மா, ஆளுங்க விளையாட வர்றாங்களா, வேலைக்கு வர்றாங்களா?" என்றார் வகுப்பு நடத்திய அண்ணன். "இந்த லைன் எனக்கு வேணும் லா. சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன். ஆள் வரலைன்னா கழட்டிருவேன்."

ஒரு வருஷம் சோறு தண்ணி பார்க்காமல் எழுதியது. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் எனக்கு இல்லை. பெரட்டைத் தூக்கினேன். ஆற்றில் முதலை, காட்டில் புதையல் என்று அள்ளிப் போட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் தெரியாத ஒரே ஒருவர் மட்டும் தினமும் வந்தார். புதையலைச் சீண்டவே மாட்டார். நேராக எஸ்டேட்டை நடத்தும் துரையின் பங்களாவுக்குப் போய், 'கதவைத் திற' என்று தட்டுவார். 'அனுமதி இல்லை' என்று வரும். மறுபடியும் தட்டுவார்.

கதவுக்குப் பின்னால் நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தெரியாததை எப்படி எழுதுவது? அப்படி ஒரு பங்களாவில் பல வருஷம் துணி துவைத்த அம்மாவிடம் கேட்டேன்.

"பின்வாசல் வழியா போவேன், தொவைப்பேன், பின்வாசல் வழியா வருவேன். முன்னால என்னா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

வெள்ளிக்கிழமை பின்வாசலும் துணி துவைக்கும் இடமும் குசினி என்கிற சமையலறையும் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. நானே கட்டிய பங்களாவுக்குள் போக எனக்கே பயம். என் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

சனிக்கிழமை நாலரைக்கு அந்த முகம் தெரியாதவர் வந்தார். பின்வாசலில் நுழைந்து, குசினியைத் தாண்டும் கதவில் நின்றார். 'கதவைத் திற.' 'அனுமதி இல்லை.' பொறுக்க முடியாமல் நானே இடையில் புகுந்து தட்டினேன்: 'உள்ளே போய் என்ன செய்யப் போகிறீர்கள்?'

பதில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது. 'நானும் எஸ்டேட்காரன். ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.'

என் உலகம் முழுவதையும் மனத்துக்குள் புரட்டினேன். எங்கேயும் நாற்காலி இல்லை. வந்த எல்லோரையும் நிற்கத்தான் வைத்திருந்தேன்.

புதிதாக எதையும் சேர்க்க, இணைப்பைத் துண்டித்தாக வேண்டும். 'பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுங்கள், தயவு செய்து' என்று கெஞ்சிவிட்டுத் துண்டித்தேன். முன்கூடத்தை எழுதினேன். ஜன்னல், விசிறி, நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. அது பாதியில் இருக்கும்போதே தொலைபேசி மணி அடித்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுதி முடிக்காமல் கம்ப்யூட்டர் அழைப்பை எடுக்காது. "இருங்க, இருங்க" என்று தொலைபேசியைப் பார்த்துக் கத்தினேன். அது அடித்து ஓய்ந்தது.

நாற்காலியை முடித்தபோது அஞ்சுக்கு எட்டு நிமிடம் இருந்தது. மறுபடி மணி அடிக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் அண்ணே" என்று அழுதேன். அண்ணன் கால்மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தார், பாவம். பிறகு குனிந்து கம்பியைக் கழற்றினார்.

கடைசியில் நாற்காலி கேட்டவரையும் நிற்கவைத்தே அனுப்பிவிட்டேன்.