தெற்குப் பார்த்த மனை

செம்பாக்கத்தில் நாங்கள் வாங்கிய மனை தெற்குப் பார்த்தது. அதனால்தான் எங்கள் கைக்கு எட்டியது. கிழக்கும் வடக்கும் பார்த்த மனைகளை வசதி உள்ளவர்கள் முன்னமே எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தை எங்களுக்குக் காட்டிய புரோக்கர் அந்த ஊர்க்காரர். கொஞ்ச நாள் முன்புவரை அதே நிலத்தில் நெல் போட்டவர்.

"தெக்கு வாசல்னு பாக்காத அக்கா. ஏரிக் காத்து சும்மா பிச்சிக்கினு வரும்," என்றார்.

"காத்த எங்க கொண்டுபோய்க் கட்டி வைக்கிறது? நான் மனை வாங்க வந்தேன்பா," என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

எனக்குக் கையெழுத்துப் போட வரும். பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்குமேல் படிப்பு இல்லை. ஆனால் மேற்குத் தாம்பரத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்துகொண்டு, அவருடைய ரயில்வே ஷெட் சம்பளத்தில் ஒரு மனை வாங்கினோம் என்றால் அதில் நான் இட்லி மாவு ஆட்டி விற்றதும் உண்டு. எவரிடமும் போய் நின்றதில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மனை விலை ஏறியதும் பாதியை விற்பது, அந்தப் பணத்தில் மீதிப் பாதியில் இரண்டு போர்ஷன் கட்டுவது, ஒன்றில் நாங்கள் இருந்துகொண்டு இன்னொன்றை வாடகைக்கு விடுவது. இதுதான் அவர் போட்டிருந்த திட்டம். "வயசானப்புறம் அந்த வாடகைதான் நமக்குப் புள்ள," என்பார்.

எப்போது விற்பது என்பதில்தான் வருஷங்கள் போயின. இருக்கிறதை வைத்து ஒரு ரூமாவது கட்டிவிடலாம் என்று நான் சொல்வேன். "ரோடு வரட்டும். ரோடு வந்தா வெலையே வேற," என்பார். அப்போது வெறும் மண்பாதை. பிறகு கரண்டு கம்பம் வரட்டும் என்றார். கம்பம் வந்தது, மனை விலையும் ஏறியது. செங்கலும் சிமெண்டும் கூடவே ஏறின. மறுபடி ரோட்டுக்கே வந்து நின்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பத்து மனை வாங்கிப் போடுகிறவன் ஒன்றைத் தப்பாக விற்றால் தாங்குவான். எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

லீவு நாளில் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய் முள்ளை வெட்டுவோம், மூலைக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். சுவர் கிடையாது, கூரை கிடையாது. ஆனாலும் மனைக்குள் நுழையும் முன்னால் எப்போதும் ஒரே இடத்தில் நின்று செருப்பைக் கழற்றுவார். "வாசக்கால் இங்கதான் வருது," என்பார். உள்ளே நெருஞ்சி மண்டிக் கிடக்கும்.

"கால்ல முள்ளு ஏறப் போவுது. செருப்பப் போட்டுக்குங்க."

"வூட்டுக்குள்ள எவளாவது செருப்போட நடப்பாளா? வெளிய வுட்டுட்டு வா."

நானும் கழற்றிவிட்டுத்தான் போவேன்.

ஷெட்டிலேயே கழிந்த உடம்பு, நெஞ்சு கெட்டுப் போயிற்று. வைத்தியத்தில் கைப்பணம் கரைந்த பிறகுதான் பாதியை விற்க ஒத்துக்கொண்டார். புரோக்கர் ஒரு பார்ட்டியைப் பிடித்தார். தை பிறந்ததும் பேசி முடிப்பதாக இருந்தது. மார்கழியில் இவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். "வாடக வூட்டு வாசல்லேந்து மட்டும் என்னத் தூக்காத," என்று ஒருநாள் சொன்னார். அப்புறம் வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அவர் போன காலையில், வேட்டி எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்கார அம்மா கேட்டுக்குப் பக்கத்திலேயே காத்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. தையில பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். பாடிய இங்க கொண்டு வராம, ஆஸ்பத்திரிலேந்து நேரா..."

"நீங்க சொல்லவே வேணாம்மா. எங்களுக்கு இடம் இருக்கு," என்றேன்.

செம்பாக்கத்து மனையில், அவர் வாசல் என்று சொன்ன இடத்துக்கு உள்ளே, பந்தல் போடச் சொன்னேன். அங்கேதான் கிடத்தினோம். சேதி கேட்டுப் புரோக்கர் சைக்கிளில் வந்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னாக்கா பண்ணிட்ட? மனையில பொணத்த எறக்குனா அந்தப் பார்ட்டி திரும்பிக்கூட பாக்க மாட்டான். ஏற்கெனவே தெக்கு வேற."

"பொணம்னு சொல்லாத. அவரு வூட்டுக்கு வந்திருக்காரு."

புரோக்கர் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

புரோக்கர் சொன்னது நடந்தது. பார்ட்டி வரவில்லை. இழவு விழுந்த மனை என்று பேராகிவிட்டது, வேறு எவரும் கேட்கவில்லை. ரயில்வேயில் வந்த பணத்தில் ஓர் அறை எழுப்பினேன். வாடகைப் போர்ஷன் அஸ்திவாரத்தோடு நின்றுவிட்டது. இன்றும் அதில் எருக்கஞ்செடிதான் குடியிருக்கிறது. கட்டும்போது கொத்தனார், "வாசல கெழக்கால திருப்பிடலாம்மா, நாளைக்கு வித்தாலும் வெல போவும்," என்றார். நான் போய் அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, "இங்க வை," என்றேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ரோடு வந்தது. மண்ணைக் கொட்டி மேடாக்கி, என் வாசற்படியைவிட உயரமாகப் போட்டார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் அங்கிருந்து இறங்கி நேராக உள்ளே வரும். பாயைச் சுருட்டிக் கட்டில்மேல் போட்டுவிட்டு வாரி வாரி ஊற்றுவேன். வெளியே விட்ட செருப்பு மிதந்து அறைக்குள் வரும். எடுத்துப் படிக்கு அந்தப் பக்கம் வைப்பேன். திரும்பவும் வரும்.