பின்பக்க எல்லைக் கல்

வடமதுரைக்கு மேற்கே, ரோட்டை ஒட்டிச் சடையாண்டியின் தோட்டம். அதற்குப் பின்னால் ரோசலினின் ஒன்றரை ஏக்கர். நடுவில், அவள் பக்கத்து ஓரமாக, அவள் அப்பா வைத்துவிட்டுப் போன ஏழு தென்னைகள். திண்டுக்கல்லில் கணக்கு டீச்சராக இருந்த ரோசலின் 1997 வைகாசியில் தன் காட்டைப் பார்க்க வந்தபோது, அந்த ஏழு மரமும் சடையாண்டி புதிதாக நட்ட கல்தூண் வேலிக்குள் நின்றன.

“ரோட்டோரக் கல்லுல இருந்து அளந்துட்டேன் டீச்சர். இது எங்க இடம்” என்றார் சடையாண்டி.

“எங்கப்பா இருந்தவரைக்கும் அளக்கலையேண்ணே?”

“அப்பக் கேக்கல. இப்பக் கேக்குறேன்.”

வழக்குப் போட்டாள். இரண்டு வருடம் வாய்தாவிலேயே போனது. கடைசியில் கோர்ட் கமிஷனர் சர்வேயரோடு வந்தார். ரோசலின் நிலத்தின் பின்கோடியில் இருக்கவேண்டிய பின்பக்க எல்லைக் கல் கிடைக்கவில்லை என்று ரோட்டோரக் கல்லை மட்டும் வைத்து அளந்தார்கள். தென்னைகள் சடையாண்டி பக்கமே விழுந்தன.

“ஆட்சேபணை போடலாம்மா. ஆனா கையில ஏதாவது ஆதாரம் வேணும்” என்றார் அவளுடைய வக்கீல் ஞானதாஸ்.

தாலுகா ஆபீசில் வாங்கியிருந்த பழைய சர்வே வரைபட நகலை ரோசலின் மறுபடி விரித்தாள். ரோட்டோரக் கல்லுக்கும் பின்பக்கக் கல்லுக்கும் இடையே 412 லிங்க்ஸ் என்று சர்வே சங்கிலிக் கணக்கில் போட்டிருந்தது. அடிக்கணக்கில் போட்டுப் பார்த்தாள், 272 வந்தது.

சனிக்கிழமை அரிவாளும் டேப்பும் எடுத்துக்கொண்டு அந்தப் பின்பக்கக் கல்லைத் தேடித் தனியாகப் போனாள். சீமைக்கருவேல முள் கையெல்லாம் கிழித்தது. பதினோரு மணிவாக்கில், புதருக்கு அடியில், தலையில் கூட்டல் குறி வெட்டிய சர்வேக் கல் தட்டுப்பட்டது. டேப்பின் மறுமுனையைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. கூப்பிடு தூரத்தில் சடையாண்டி வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ரோசலின் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கூப்பிட்டேவிட்டாள்.

“அண்ணே, செத்த நேரம் வந்து இந்த நுனியப் பிடிக்கிறீகளா?”

“எம்மேல கேஸப் போட்டுட்டு என்னையவே டேப்பு பிடிக்கச் சொல்றீகளே!” என்றாலும் வந்தார்.

அளந்தார்கள். 257 அடி.

“அம்புட்டுத்தானா? திரும்ப அளங்க” என்றார் சடையாண்டி.

திரும்பவும் அதேதான். பதினைந்து அடி குறைந்தது. சடையாண்டி ரோட்டோரக் கல்லையும் தார் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரோட்ட அகலப்படுத்துனப்ப மிசினு இந்தக் கல்லப் பேத்துருச்சாம். உள்ள தள்ளி ஊனிட்டுப் போயிட்டாங்கன்னு எம்பொண்டாட்டி அப்பவே சொன்னா. நாந்தான் காதுல வாங்கல.”

ரோசலின் டேப்பைச் சுற்றினாள். இந்த மனிதரை இரண்டு வருடமாகத் திருடனென்றே நினைத்திருந்தாள்.

“உங்க நெலம் எங்கிட்ட இல்லண்ணே. தாருக்கு அடியில கெடக்கு.”

திங்கட்கிழமை ஞானதாஸின் ஆபீஸ் படியில் இரண்டு பேரும் ஒன்றாக ஏறியதைப் பார்த்து குமாஸ்தா எழுந்தே நின்றுவிட்டார். சர்வேயர் மறுபடி வந்து இரண்டு கல்லையும் வைத்து அளந்தார். அந்த வருடக் கடைசியில் கோர்ட்டில் ராஜி ஆனது. வேலி தென்னைகளைத் தாண்டிச் சடையாண்டி பக்கமாக நகர்ந்தது.

ரோசலின் அதோடு விடவில்லை. ரோட்டுக்குப் போன இடத்துக்கு இழப்பீடு கேட்டுச் சடையாண்டிக்காக மனு எழுதினாள். பதில் வராதபோதெல்லாம் மறுபடி எழுதினாள். 2003-இல் உத்தரவு வந்தது.

கிடைத்த பணத்தில் அவர் போர்வெல் போட்டார். கேட்காமலே அவள் காட்டுக்கும் ஒரு குழாய் இழுத்துவிட்டார். மானாவாரியாகவே கிடந்த அந்த நிலத்தில் ரோசலின் அந்தக் கோடையில் கத்தரி நட்டாள்.