பத்தாவது வாசகர்

வெள்ளிக்கிழமைதோறும் மூன்றரை மணிக்கு ஜேசுரட்ணம், 'ஸ்கொட்லாந்து இலக்கியம்' என்று பலகை தொங்கும் அலமாரியிலிருந்து பத்துப் புத்தகங்களை உருவி, தூசியை ஊதி, தனக்குத் தானே இரவல் கொடுக்கிறார். திங்கட்கிழமை அவரே திருப்பி வாங்கி அவரே அடுக்குகிறார். இடையில் ஒரு பக்கம்கூடத் திறப்பதில்லை.

பான் நகரப் பல்கலைக்கழக நூலகமொன்றில் பத்தொன்பது வருடமாகப் புத்தகம் அடுக்குபவர். கறாரான மனிதர். தவணை ஒரு நாள் பிந்தினாலும் பேராசிரியர் என்று பார்க்காமல் நினைவூட்டல் கடிதம் அனுப்பிவிடுவார். ஆனால் ஒரு விதி மட்டும் அவருக்குப் பொறுக்காது. மூன்று வருடம் யாரும் தொடாத புத்தகம் நிலவறைக்குப் போகும். அலமாரி பாதியானால் பலகையைக் கழற்றி, மிச்சத்தை ஆங்கில இலக்கியத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

"பெரிய வீட்டுக்குள்ள ஒதுங்கினால் பிறகு ஆர் இவையைத் தேடப்போகினம்?" என்பார். ஜேர்மனிக்கு வந்த புதிதில், தாய்மொழி கேட்ட படிவத்தில் தமிழுக்குக் கட்டம் இல்லாமல் 'ஏனையவை' என்பதில் புள்ளடி போட்டவர். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

போன இலையுதிர்காலத்தில் பொறுப்பாளர் சாண்ட்ரா கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். "இந்த அலமாரியில் நானூறு இரவல். வாசகர் ஒருவர். இனி ஆட்களைத்தான் எண்ணுவோம். மாதக் கடைசிக்குள் பத்துப் பேர் இல்லாவிட்டால் பலகை போகும்."

அந்த ஞாயிறு, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து தேநீரும் ரோல்ஸும் கொடுக்கும் மண்டபத்தில் ஜேசுரட்ணம் நூலக அட்டைக்கான அன்ட்ராக் என்ற விண்ணப்பப் படிவங்களோடு நின்றார். விசாவுக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அன்ட்ராக் நிரப்பியே வயதுபோன சனம். என்னத்துக்கென்று எவரும் கேட்கவில்லை. "எங்கை அண்ணை கையெழுத்து?" என்று மட்டும் கேட்டார்கள். அவரோடு ஒன்பது பேராயிற்று. பத்தாவதாக மனைவி பிறேமா, வாயில் ரோல்ஸோடு, "எனக்கு மெல்லிசாப் பாத்து ஒண்டு தாங்கோ" என்றார்.

ஆளுக்கொரு புத்தகமாக அவரே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஸ்கொட்லாந்து இலக்கியத்தில் சர்வதேச ஆர்வம் பெருகிவருவதாக சாண்ட்ரா ஆண்டறிக்கையில் எழுதினார். பலகை தப்பியது. ஜேசுரட்ணத்துக்கு அன்று சந்தோசம் தாங்கவில்லை. மத்தியானம் இரண்டு கோப்பி குடித்தார்.

எட்டுப் புத்தகங்கள், திறந்த அடையாளமே இல்லாமல், தவணைக்குத் திரும்பி வந்தன. ஒன்று வரவில்லை. வழக்கம் தவறாமல் நினைவூட்டல் கடிதத்தை அச்சடித்து, தபாலில் போடாமல் வீட்டுக்குக் கையோடு கொண்டுபோனார்.

பிறேமா குசினி மேசையில் கண்ணாடியோடு குனிந்திருந்தார். முதியோர் இல்லத்து வேலையில் பழகிய ஜேர்மன், அந்த ஸ்கொட்லாந்து நாவலின் மொழிபெயர்ப்பை வாசிக்கப் போதுமாயிருந்தது.

"தவணை முடிஞ்சுது, பிறேமா."

"பொறுங்கோப்பா. இந்தப் பெட்டை தீவை விட்டுப் போறாளோ இல்லையோ எண்டு தெரியாமல் தர ஏலாது."

அடுப்பில் சொதி பொங்கியது. பிறேமா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடினார். ஜேசுரட்ணம் அதைத் திருப்பி, நின்றபடியே அந்தப் பக்கத்தை அடிவரை வாசித்தார். பிறகு நினைவூட்டல் கடிதத்தை நாலாக மடித்து, பக்க அடையாளமாக உள்ளே வைத்து மூடினார்.