கவரிமான் வீட்டுப் பெண்

எங்கள் நைனா கோபம் வந்தால் கை ஓங்க மாட்டார். "நாம கவரிமான் வம்சம்மா" என்பார், அவ்வளவுதான். அதற்குப் பதில் ஒரு அறை விட்டாலே தேவலாம் என்றிருக்கும் எனக்கு.

திருத்தணி மலைமேல் சுவாமி புறப்பாட்டில் சாமரம் வீசுவது எங்கள் வீட்டு ஊழியம். அந்தச் சாமரம் எங்கள் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும். வெள்ளை வெளேரென்று ஒரு முழத்துக்கு மேல் நீளம். இமயமலைப் பனியில் வாழும் கவரிமானின் வால்முடி அது, உடம்பில் ஒரு முடி உதிர்ந்தாலும் அந்த மான் நின்ற இடத்திலேயே உயிரை விட்டுவிடும் என்று சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தார்கள். மாதாமாதம் கிருத்திகைக்கு முன்னால் அதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசிச் சிக்கெடுப்பது என் வேலை. சீப்போடு ஒரு முடி வந்தால்கூட எனக்குத் திக்கென்று இருக்கும்.

பள்ளிப்பட்டில் என்னைக் கட்டிக்கொண்ட புண்ணியவான் இரண்டாம் வருஷமே இன்னொருத்தியோடு போய்விட்டான். நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தேன். தப்பு அவனுடையது, சிறை எனக்கு. மூன்று வருஷம் வாசற்படி தாண்டவில்லை. பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய மலையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவடி எடுத்துப் போகிறவர்களைக் கண்டால் பொறாமையாக இருக்கும். வெளியே போகட்டுமா என்று கேட்டால் நைனா அந்த மானை இழுப்பார்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் மதராஸில் ஒரு விடுதியிலிருந்து கடிதம் வந்தது. என்னைப் போன்ற பெண்களை வாத்தியாரம்மா வேலைக்குப் படிக்கவைக்கும் விடுதி அது. அக்கா தூண்டிவிட, நானே மனு எழுதிப் போட்டிருந்தேன். திங்கட்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். நைனா படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"போ. சாயங்காலம் என் பொணத்த எடுக்க வந்துடு."

அவர் செய்துவிடுவார் என்றே நம்பினேன். அந்த வம்சமாயிற்றே! இரண்டு நாள் அந்தக் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தேன்.

சனிக்கிழமை அக்கா புருஷன் வந்தார். எங்களுக்குப் பாவா. வடக்கே பனிமலையில் பட்டாளத்துக்குக் கோவேறு கழுதை ஓட்டிவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து சாமரத்துக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாப்பா, கவரி வாலா அது?"

"ஆங். ஒரு முடி போனா செத்துடுமாமே பாவா, அந்த மானு?"

"மானா? மாடு அது. நம்ம எருமைக்குக் கம்பளி போத்துனா எப்டி இருக்கும், அந்த மாதிரி. அந்த ஊரு பொம்பளைங்க வருசத்துக்கு ஒரு தபா முடிய வெட்டிக் கயிறு திரிக்கிறாங்க. அது தலையக்கூடத் தூக்காம மேஞ்சிகினு கீது."

"சாவலையா?"

"எதுக்கு சாவுது? மறுபடி வளருது."

என் கை நின்றுவிட்டது. இன்னும் சொல்லுங்கள் என்றேன். காட்டுக் கவரிகள் அதைவிட உயரத்தில் திரியுமாம். கால் வைக்க இடமில்லாத பாறையில் வளைந்த கொம்பு ஆடுகள் ஓடுமாம். கொழுத்த நாய்க்குட்டி போல ஒரு பிராணி, வளை வாசலில் இரண்டு காலில் நிற்குமாம். கழுகு தெரிந்தால் விசில் அடித்துவிட்டு உள்ளே போய்விடுமாம். பனிக்காலம் ஆறு மாசமும் வளைக்குள்ளேயே தூக்கமாம்.

"ஆறு மாசமா?"

"ஆங். அப்பால வெளிய வந்துடும்."

நான் மூன்று வருஷமாக வரவில்லையே!

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கை கழுவ எழுந்து வந்தவர் நின்று சொன்னார்: "அது மாடு. நாம மானு."

அப்போதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் போனதும் சாமரத்திலிருந்து நீளமாக ஒரு முடியைப் பிடுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. அலசிய சாமரத்தைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

மறுநாள் காலை அம்மா இரண்டு புடவையைப் பையில் திணித்துக் கொடுத்தாள். நைனா புழக்கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "போயிட்டு வரேன் நைனா" என்றேன். திரும்பவில்லை. பாவா அரக்கோணம் வரை கூட வந்து மதராஸ் ரயிலில் ஏற்றிவிட்டார்.

விடுதியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் தந்தியோ என்று ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். கிணற்றுக் கயிற்றைப் பார்க்கப் பயந்து மற்றவர்களைத் தண்ணீர் சேந்தச் சொல்வேன். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கை வலி என்று பொய் சொன்னேன்.

நாலாம் வாரம் ஒரு கார்டு வந்தது. நைனாவின் கையெழுத்து. க்ஷேமமும் இல்லை, ஆசீர்வாதமும் இல்லை.

"சாமரம் சிக்குப் பிடித்துக் கிடக்கிறது. கிருத்திகைக்கு நாலு நாள்தான் இருக்கிறது. பூந்திக்கொட்டை எத்தனை போடுவாய்?"

நடையிலேயே உட்கார்ந்து அழுதேன். மனுஷன் உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதியில் முதலில் அழுதேன். பிறகு ஆத்திரத்தில் அழுதேன். இவர் ஒரு நாளும் சாகப்போகிறவர் இல்லை. இதற்கா மூன்று வருஷம்?

முகம் கழுவிக்கொண்டு வந்து பதில் எழுதினேன். "பன்னிரண்டு. கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் ஊறவைக்கவும். முடி உதிர்ந்தால் பயப்பட வேண்டாம்."