பந்து மித்திரர்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அந்த ரகம். என் வாழ்நாளில் கால்பந்தை மொத்தம் மூன்று தடவை உதைத்திருப்பேன். அதில் ஒரு தடவை பந்து சாக்கடைக்குள் போனது. ஆனால் எவன் எப்படி உதைத்திருக்க வேண்டும் என்று சொல்வதில் அம்மாபேட்டையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தறி நூல் விற்கிற கடையில் கடிதம் எழுதுகிற குமாஸ்தா வேலை எனக்கு. கடை சாத்தியதும் நேரே தெருமுனைக் காப்பிக் கிளப்புக்குப் போவேன். எங்கள் ஊர் டீமுக்குக் கைதட்டுகிற ஆட்கள் ஏழெட்டுப் பேர் அங்கே பெஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். காப்பி ஆளுக்கு அரை தம்ளர். பேச்சு மட்டும் அண்டா அண்டாவாக ஓடும்.

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்த வருஷம் லீக் கோப்பை எங்களுக்கு வந்தது. நாங்கள் ஜெயித்து வாங்கினோம் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரர்கள் நழுவவிட்டது எங்கள் மடியில் விழுந்தது, அவ்வளவுதான். மலையடிவாரத்துக் காட்டுவேலைப் பையன்கள். வெறுங்காலோடு வந்து எல்லாரையும் துவைத்துக் காயப்போட்டார்கள். கடைசி மூன்று ஆட்டத்தில் ஒன்றே ஒன்றை டிரா செய்திருந்தால் போதும், கோப்பை அவர்களுக்குத்தான். மூன்றிலும் தோற்றார்கள். அதுவும் கடைசி ஆட்டத்தில், ஊரே பார்த்துச் சிரிக்கிற ஒரு சொத்தை டீமிடம். அதில் அவர்கள் கேப்டன் பெனால்டி அடிக்கப் போனவர், பந்துக்கு முன்னால் நின்றுகொண்டு ரோட்டைப் பார்த்தார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவர்போல உதைத்தார். பந்து உருண்டு போய்க் கோல்கீப்பர் கையில் உட்கார்ந்தது.

அதற்கப்புறம் பத்து நாள் கிளப்பில் வேறு பேச்சே இல்லை. ஏன் தோற்றார்கள்?

"எல்லாம் அந்த பூட்ஸ் பண்ணுன வேலைங்க," என்றார் கிளப்புக்காரர். ஏற்காட்டுத் துரை யாரோ அவர்களுக்குப் பழைய பூட்ஸ் கொடுத்திருந்தாராம். "மண்ணுல நடந்த காலு. அதைக் கொண்டுபோயித் தோலுக்குள்ள பூட்டுனா எப்படீங்க ஓடும்?"

"பூட்ஸும் இல்லை, கீட்ஸும் இல்லை," என்றார் எங்களோடு உட்காருகிற தறிக்காரர் ஒருவர். "கோப்பை வாரதுக்கு முந்தியே கெடா வெட்டி விருந்து வெச்சுப்போட்டாங்க. சாமிக்கே பொறுக்கலை. வெண்ணெய் தெரண்டு வாரப்போ தாழி உடைஞ்சுபோச்சு."

எனக்கு இரண்டும் ருசிக்கவில்லை. "அட போங்கய்யா. ஆளு தொடைநடுங்கி. பெனால்டி அடிக்கப் போனவன் எதுக்கு ரோட்டைப் பார்க்கறான்? எவன்கிட்டயோ கை நீட்டி வாங்கியிருக்கான். அவன் வந்துட்டானான்னு பார்த்தான்," என்றேன். அந்த நேரத்தில் ரோட்டில் ஒரு காக்கிச் சட்டை சைக்கிளில் போனதையும், கேப்டனின் தலை அதன் கூடவே திரும்பியதையும் நான் கண்ணால் பார்த்திருந்தேன். அதனால் பேச்சில் எனக்கு ஏகப்பட்ட மிடுக்கு. காக்கிச் சட்டை யார் என்று மட்டும் பார்க்கவில்லை.

"இனி அந்த டீம் எந்திரிக்குமுங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எந்திரிக்கறதாவது! செத்துப்போச்சு. கருமாதி ஒண்ணுதான் பாக்கி."

"அப்பக் கருமாதிக் கடுதாசி போடோணுமே," என்றார் தறிக்காரர். பெஞ்சே குலுங்கியது. எழுதுகிற கை என்னுடையது. விடுவேனா?

கார்டு வாங்கி அங்கேயே எழுதினேன். அவர்கள் டீமானது மூன்று ஆட்டமாய்ப் படுத்த படுக்கையாய்க் கிடந்து, பெனால்டி என்னும் கொடிய நோயால் சிவலோகம் சேர்ந்தது என்றும், கருமாதிக்கு அனைவரும் பூட்ஸ் சகிதம் வர வேண்டியது என்றும் எழுதினேன். இந்த மாதிரிக் கடுதாசிகளில் 'பந்து மித்திரர்' என்று ஒரு வார்த்தை வரும். சுற்றத்தாரும் நண்பர்களும் என்று அர்த்தம். நான் அந்தப் பந்துவைக் கால்பந்தாக்கி, 'இப்படிக்கு, துயரத்தில் வாடும் பந்து மித்திரர்' என்று கையெழுத்திட்ட இடத்தில் ஆளாளுக்கு என் முதுகில் தட்டினார்கள். உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. கிளப்புக்காரர் அடுப்பிலிருந்து கரி எடுத்துக் கொடுத்தார். சாவுக் கடுதாசிக்கு உள்ள முறைப்படி நாலு மூலையிலும் கறுப்புத் தடவி, கேப்டன் வீட்டு விலாசத்துக்குப் போட்டேன்.

மூலையில் கறுப்புக் கண்ட கடுதாசியை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே படித்துக் கிழித்துப்போட வேண்டும். ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட அந்தக் கறுப்பை மட்டும் படிக்கத் தெரியும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கேப்டன் வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கையில் அந்தக் கார்டும் மறு கையில் ஒரு மூடிபோட்ட பித்தளைப் போசியுமாகக் கிளப்புக்குள் நுழைந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் பெஞ்சின் உள்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தறிக்காரரை எனக்கு முன்னால் இருக்கும்படி விட்டு நகர்ந்தேன்.

"இதை எழுதுனது ஆருங்க?" என்றார். குரலில் கோபமே இல்லை.

அத்தனை பேர் கண்ணும் என் பக்கம் திரும்பியது. நான் தம்ளருக்குள் பார்த்தேன். காலித் தம்ளர்.

"எங்கண்ணன் பட்டாளத்துல இருக்காருங்க, சிங்கப்பூர்ல," என்று அவர் பொதுவாகச் சொன்னார். "ஊரு விழுந்ததுல இருந்து கடுதாசி இல்லை. தபால்காரரு கறுப்பைப் பார்த்ததும் கார்டை வாசல்லயே போட்டுட்டுப் போயிட்டாராமுங்க. நான் ஊட்டுல இல்லை. எங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. உச்சிப்பொழுதுல இருந்து நான் வார வரைக்கும் மாரடிச்சு அழுதிருக்காங்க. ஊரே வாசல்ல கூடிப்போச்சு. நான் வந்துதானுங்க படிச்சுச் சொன்னேன், இது டீமைப் பத்துன கடுதாசின்னு."

கிளப்புக்காரர் "அட சாமி!" என்று தலையில் கை வைத்தார்.

கேப்டன் போசியைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். "பொய்ச்சாவுச் சேதி வந்தா ஆயுசு கெட்டிங்கறாங்க அம்மா. இனி அண்ணனுக்கு ஒண்ணும் வராதாமுங்க. மாரியம்மனுக்குப் பொங்கல் வெச்சாங்க. எழுதுன புண்ணியவானுக்குக் குடுத்துட்டு வான்னு சொன்னாங்க." அந்தப் புண்ணியவானைக் கொஞ்சம் கிண்டலாகச் சொல்லியிருந்தாலும் நான் பிழைத்திருப்பேன். அவர் தாயார் சொன்னதை அப்படியே சொன்னார்.

அப்போதும் நான் எழுதினேன் என்று சொல்லவில்லை. மன்னிப்புங்கூடக் கேட்கவில்லை. வாசற்படி இறங்கும்போது அவர் திரும்பி, "நாங்க ஏன் தோத்தோம்னு இங்க பேசிக்கறீங்கன்னு பால்காரரு சொன்னாருங்க. அன்னைக்கு நான் ரோட்டைத்தான் பார்த்தேன். தபால்காரரு போனாரு. நின்னு கூப்புடுவாரோன்னு பார்த்தேன்," என்றார். பத்து நாள் விவாதம் அதோடு முடிந்துபோனது.

போசியை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரம்தான். அப்புறம் சாமிக்குப் படைத்ததை வீணாக்கக் கூடாது என்று ஒருவர் மூடியைத் திறந்தார். நானும் தின்றேன். ஏலக்காய் மணத்தது. வெட்கங்கெட்ட நாக்கு இன்னும் கொஞ்சம் கேட்டது.

போசி என் வீட்டில் தங்கிப்போனது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது முறையல்ல. ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இந்த முறை எனக்கு எவ்வளவு வசதியாகப் போனது தெரியுமா? அதில் போட்டுக் கொடுக்க நாட்டுச் சர்க்கரை வாங்கினேன். போகிற நாளைத் தள்ளித் தள்ளி, அந்தச் சர்க்கரையைக் காப்பியில் போட்டே தீர்த்தேன். "ஆரு ஊட்டுப் போசிங்க இது?" என்று மனைவி கேட்டபோது கடை முதலாளி வீட்டுடையது என்று ஒரு பொய். ஜப்பான் சண்டையில் ரப்பர் கிடைக்காமல் பந்துக்கு பிளாடர் இல்லை, லீக்கும் நின்றது. கிளப்பில் கால்பந்துப் பேச்சே எடுப்பதில்லை. போசி மட்டும் அலமாரி மேலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சண்டை முடிகிற சமயம், ஒருநாள் கேப்டன் நூல் கடைக்கே வந்துவிட்டார். மூன்று வருஷத்தில் பத்து வயசு கூடித் தெரிந்தார். நான் முந்திக்கொண்டு, "போசிதானுங்களே, நாளைக்கே கொண்டாந்து குடுத்துடறேனுங்க," என்றேன்.

"போசிக்கு வரலீங்க." மடியிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்தார். சர்க்கார் முத்திரை இருந்தது. "இங்கிலீசுல இருக்குது. தாலுக்கா ஆபீசுல படிச்சுச் சொன்னாங்க. அண்ணன் கைதிக் கேம்புல காய்ச்சல்ல போயி ரெண்டு வருசம் ஆச்சாமுங்க."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"அம்மா நம்ப மாட்டேங்கறாங்க. 'இதும் அந்தப் பந்தாடற பசங்க எழுதுனதுதான், இந்தத் தடவை கறுப்புப் பூசக்கூட மறந்துட்டானுங்க'ன்னு சிரிக்கறாங்க. நீங்க ஒருக்கா வந்து, இதை நான் எழுதலைன்னு சொல்லோணுமுங்க. நீங்க சொன்னா நம்பித்தானே ஆகோணும்? அவங்க நம்பாம நான் எப்படீங்க கருமாதி பண்றது? அண்ணன் எந்தக் காட்டுல அலைஞ்சுட்டிருக்காரோ."

மறுநாள் போசியை எடுத்துக்கொண்டு போனேன். வழிநெடுக ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். இதை நான் எழுதலீங்க அம்மா. நாலே வார்த்தை. சின்னப் பிள்ளைக்குக்கூடச் சொல்ல வரும்.

அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். ஒடிசலான உடம்பு, வெளுத்த தலை. என்னை அவருக்குத் தெரியாது. போசியைத் தெரிந்தது.

"அட, என்ற போசி! நீதானா சாமி அது?" என்று எழுந்து வந்தார். "இத்தனை வருசம் வெச்சிருந்துபோட்டு வெறும் போசியவா கொண்டாந்தே?" என்று என் கன்னத்தைத் தடவினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அதில் ஒரு பிடி சர்க்கரைகூடப் போடாமல் வந்திருக்கிறேன் என்று.

உள்ளேயிருந்து வந்த மகன் கையிலிருந்து பழுப்பு உறையை வாங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதும் நீ எழுதுனதுதானே? சொல்லு சாமி. என்ற பெரியவனுக்கு ரெண்டாவது தடவையும் ஆயுசைக் கெட்டி பண்ணிப்போட்டே, இல்லே?"

வாய்தான் சிரித்தது. உறையை நான் வாங்கப் போனபோது விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்கு உண்மை தெரியும் என்று எனக்கு அந்த நிமிஷம் பட்டது. கேப்டன் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்கம்மா. நாந்தான் எழுதுனேன்," என்றேன்.

கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். இரக்கத்தில்தானே சொன்னீர்கள் என்று பிற்பாடு என் மனைவி சமாதானம் சொன்னாள். இரக்கமாவது, மண்ணாங்கட்டியாவது! அந்த முகம் உடைவதை நின்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. தொடைநடுங்கி என்று நான் யாரைச் சொன்னேன்?

அந்த அம்மாள் என்னைப் போகவிடவில்லை. வெல்லம் தட்டிப் போட்டுப் பொங்கல் வைத்து, போசி நிறைய எடுத்து வந்து, இலை போட்டு எங்கள் இரண்டு பேருக்கும் பரிமாறினார். கேப்டன் தாய்க்காக நாலு வாய் சாப்பிட்டார். நானும் தின்றேன். பாதைவரை கூட வந்த கேப்டன், "கருமாதிக்கு நாளு பார்த்து வெச்சிருந்தேனுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அந்தம்மாள் இருந்தவரை அந்த வீட்டில் கருமாதி நடக்கவில்லை. பெரியவன் வருவான் என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாகப் பால்காரர் வந்து சொல்வார். நூல் கடைக்காரப் பையனின் எழுத்து ராசியான எழுத்து என்றும் சொல்வாராம்.

நாலு வருஷம் கழித்து என் வீட்டு வாசலில் தபால்காரர் ஒரு கார்டைப் போட்டுவிட்டு நிற்காமல் போனார். நாலு மூலையிலும் கறுப்பு. கேப்டனே கைப்பட எழுதியிருந்தார். தாயாருக்கும், முன்பே போய்விட்ட அண்ணனுக்கும் ஒரே நாளில் கருமாதி. தாங்கள் பந்து மித்திரர் சகிதம் வந்திருக்க வேண்டியது. எல்லாரும் எழுதுகிற வாசகம்தான். அவர் வேண்டுமென்று எழுதியிருக்க மாட்டார். வாசலில் நின்றபடியே இரண்டு தரம் படித்தேன்.

நான் போகவில்லை.