திரும்பி வந்தால்தான் கோள்

ஜெர்மனிக்கு வந்த முதல் வாரம், மாலையில் ஆய்வகத்தை விட்டுக் கிளம்பும்போது பக்கத்து மேசை மார்த்தினாவிடம் “இஷ் கொம்மெ” என்றேன். நம்மூர் “வாரேன்” என்பதை அப்படியே ஜெர்மனில் பெயர்த்துப் போட்டிருந்தேன். நான் இதோ திரும்பி வந்துவிடுவேன் என்று நம்பி அவள் இரண்டு கோப்பை காபி போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தாளாம். “வருகிறேன் என்றாயே, எங்கே போனாய்?” என்று மறுநாள் கேட்டாள். போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினால் எங்கள் வீட்டில் திட்டு விழும் என்று விளக்கினேன். அவளுக்குப் புரியவில்லை.

என் பிழைப்பும் அந்தச் சொல்லில்தான் நிற்கிறது. வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை நான் கண்ணால் பார்ப்பதில்லை. கோள் குறுக்கே கடக்கும்போது விண்மீனின் ஒளி துளி மங்கும். எவ்வளவு மங்கியது என்பதில் கோளின் பருமன் தெரியும், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதில் அதன் ஆண்டு. கோளின் காற்றைக் கடந்து வரும் ஒளியைப் பிரித்தால் அங்கே நீராவி உண்டா என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒருமுறை மங்கியதை நம்ப மாட்டோம். சொன்ன நேரத்தில் திரும்பி வர வேண்டும். கோவை பீளமேட்டில் படித்த காலத்தில் இதைச் சொன்னபோது, பல்லடத்தில் விசைத்தறி ஓட்டும் அப்பா சிரித்தார். “சத்தத்த வெச்சே எந்தத் தறியில நூல் அறுந்துச்சுன்னு நான் சொல்லிப்போடுவேன். அந்த மாதிரிதானா அம்மணி?”

போன புதன்கிழமை மதிய இடைவேளையில் அம்மாவை வீடியோவில் அழைத்தேன். வீட்டை ஒட்டியே தறிக்கூடம், சத்தமே இல்லை.

“தறி ஓடலீங்களாம்மா?”

“கரண்ட் இல்ல அம்மணி.”

“அப்பா எங்கீங்க?”

“நூல் வாங்கத் திருப்பூர் போயிருக்காங்க.”

அம்மாவுக்குப் பின்னால் சுவரில் காலண்டர் தாள் எழுந்து விழுந்தது. பிறகு மறுபடி. பழக்கதோஷம், எண்ணினேன். ஒன்பது நொடிக்கு ஒருமுறை, பிசகாமல். காற்று அப்படி வீசாது. தலையைத் திருப்பித் திருப்பி ஓடும் மேசை விசிறி அது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. அப்படியானால் கரண்ட் இருக்கிறது, இருந்தும் தறி ஓடவில்லை. அம்மாவின் தலைமயிர் அசையவில்லை. விசிறி வேறு யாருக்கோ ஓடுகிறது. என் கணக்கு பொய்யாகப் போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றுதான்.

“அம்மா, பக்கத்துல யாரு படுத்திருக்காங்க?”

அம்மா அழுதுவிட்டாள். “அப்பாவுக்குச் சோத்தாங்கை வரமாட்டேங்குது கண்ணு. வாயும் கோணிப்போச்சு. ஆஸ்பத்திரில இருந்து நேத்துத்தான் வந்தோம். நீ தனியா இருக்கறே, பயந்துபோட்டா என்ன பண்றதுன்னு…”

போனைத் திருப்பினாள். பேச்சை முடிக்கும்போது எப்போதும் “வாரேன் கண்ணு” என்பது அப்பாவின் வழக்கம். இப்போதும் அதைத்தான் சொல்ல முயன்றார். “வா” என்று மட்டும் வந்தது. இரண்டாம் முறையும் அவ்வளவுதான் வந்தது.

“வாரேனுங்கப்பா” என்றேன். நான் போய்ச் சேரும்வரை இருப்பாரா என்ற பயத்தோடு அன்றைக்கே விமானச்சீட்டு எடுத்தேன்.

மறுநாள் பெட்டியோடு ஆய்வகத்துக்குப் போய், அடுத்த வாரம் மங்க வேண்டிய விண்மீனை மார்த்தினாவிடம் ஒப்படைத்தேன். வாசலில் என்னை அறியாமல் “இஷ் கொம்மெ” என்றேன். அவள் எப்போது என்று கேட்கவில்லை. என் கோப்பையைக் கழுவித் தன் கோப்பைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.