புகையில்லா வார்டுக்குப் போகியன்று வந்த ஜீப்

1. செலவில்லாத இலக்கு

"பைசா செலவாகாத இலக்கு ஏதாவது இருந்தா சொல்லும்மா, சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்" என்றார் எங்கள் ஹெல்த் ஆபீசர். டாக்டருக்குப் படித்தவர், எங்களுக்கு ஸார்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில் தமிழ் ஜனங்கள் நிறைந்த ஒரு வார்டில் நான் ஹெல்த் இன்ஸ்பெக்டர். எந்த வார்டு என்று சொல்ல மாட்டேன், தெரிந்து உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அடுத்த வருஷத்துக்குள் சுற்றுச்சூழலுக்காக என்ன சாதிக்கப் போகிறீர்கள் என்று ஒவ்வொரு வார்டும் ஒரே வரியில் எழுதித் தர வேண்டும், இதுதான் ஹெட் ஆபீஸ் உத்தரவு. இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் க்ளைமேட் பிளான், கார்பன் கணக்கு என்று கம்ப்யூட்டரில் போட்டுத் தள்ளுகிறீர்கள். எங்களுக்கு அன்றைக்கு க்ளைமேட் என்றால், "இன்னிக்கு க்ளைமேட் நல்லாருக்கு, காபி சாப்பிடலாமா" அவ்வளவுதான்.

பக்கத்து வார்டுக்காரர்கள் மரம் நடுவோம் என்று எழுதிவிட்டார்கள். மரம் நட்டால் குழி வெட்ட வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும். ஸாருக்கு அந்தச் செலவும் வேண்டாம். "குப்பை எரிப்பது அறவே இருக்காது. புகையில்லா வார்டு. இப்படி டைப் அடி" என்றார். ஆபீசே ஆகா என்றது. ஒரு காரியத்தைச் செய்யாமல் இருப்பதற்கு என்ன செலவு?

2. கன்னியம்மாவின் இலைக் குவியல்

அந்தச் செலவு யார் தலையில் விழும் என்று குளிர்காலத்தில் தெரிந்தது. கன்னியம்மா எங்கள் காண்ட்ராக்ட் துப்புரவுத் தொழிலாளி. அவள் பெருக்கும் தெரு முழுக்கத் தூங்குமூஞ்சி மரம். அந்தச் சீசனில் பெருக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பெருக்கின சுவடே இருக்காது, அத்தனை இலை. குப்பை லாரி எப்போதாவது வரும். வந்தாலும் டிரைவர், "இது தழை, குப்பை இல்ல" என்று ஏற்றாமல் போய்விடுவான். அதனால் குவித்துக் கொளுத்துவாள். வருஷக்கணக்காக எல்லோரும் செய்ததுதான். இந்தத் தடவை ஆபீசுக்கு வரும் வழியில் ஸார் கண்ணிலேயே பட்டுவிட்டது.

நான் ஓடிப்போய்க் கத்தினேன். "சொன்னேனா இல்லையா? ஏன் கொளுத்தினே?"

"எரிக்காதேன்னு சொன்னீங்க மேடம். எங்க போடறதுன்னு சொல்லலியே" என்றாள் கன்னியம்மா. "இத்தையெல்லாம் மூட்டை கட்டி என் வூட்டுக்கா எடுத்துக்கினு போவேன்?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மேல் இல்லை என்பது மட்டும் புரிந்தது.

ஸார் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் பேசியது கன்னடம், நான் தமிழில் எழுதுகிறேன். "இலக்குன்னு எழுதிக் கொடுத்தாச்சு. ஆக்‌ஷன் காட்டணும். அவளை நிறுத்தச் சொல்லி காண்ட்ராக்டருக்கு எழுதி, நீயே கையெழுத்துப் போடு."

காண்ட்ராக்டில் ஒரு தரம் நிறுத்தினால் நிறுத்தியதுதான். மறுபடி சேர்க்க மாட்டார்கள். கன்னியம்மாவின் புருஷன் பெயின்டர், வேலை வந்தால் உண்டு. இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. லெட்டரை எழுதிப் பையில் வைத்துக்கொண்டு, "பண்டிகை போகட்டும் ஸார்" என்று இழுத்தடித்தேன். கன்னியம்மாவிடம், இனி எரித்தால் வேலை போய்விடும் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

"ஹெட் ஆபீஸ் மேடம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாங்க. அன்னிக்குச் சாயங்காலம் லெட்டர் போயாகணும்" என்றார்.

3. தார்வாட் போகியும் எங்கள் போகியும்

"என்னிக்கு ஸார் வர்றாங்க?"

"சங்கராந்திக்கு முந்தின நாள் காலையில. டிராஃபிக் இருக்காது."

"ஐயோ ஸார், அன்னிக்கு போகி!"

"தெரியும்மா. எங்க தார்வாட்லயும் போகி உண்டு. எள்ளு தூவின கம்பு ரொட்டி, எல்லாக் காயும் போட்ட பல்யா, உங்க பொரியல் மாதிரி. மேடத்துக்கும் ரொட்டி கொண்டு வரேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அவர் ஊர்ப் போகி சாப்பாட்டோடு முடிகிற போகி. தமிழ் ஜனங்கள் விடியற்காலையில் வாசலில் பழசையெல்லாம் போட்டுக் கொளுத்துவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எங்கள் வார்டுக்கு வந்து ஒரு ஜனவரியைக்கூட அவர் பார்த்ததில்லை. "ஸார், இங்கே என்னன்னா..." என்று ஆரம்பித்தேன். "சும்னிரம்மா! எதுக்கெடுத்தாலும் ஒரு ஆட்சேபணை" என்று அடக்கிவிட்டார். சும்மா இரு என்று அர்த்தம். சரி என்று சும்மா இருந்தேன். அதில் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போகியன்று என் வீடு இருக்கும் லிங்கராஜபுரத்திலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கண் எரிந்தது. அடேயப்பா, வாசலுக்கு வாசல் கோரைப்பாய், கிழிந்த தலையணை, பிய்ந்த முறம், போதாக்குறைக்கு சைக்கிள் டயர் வேறு. அந்தப் புகைக்கு நடுவில் ஜீப் வந்து நின்றது. ஹெட் ஆபீஸ் மேடம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். பின்னால் ஸார், கையில் டப்பா. முகம் கம்பு ரொட்டி மாதிரியே கறுத்திருந்தது.

"இதுதான் உங்க புகையில்லா வார்டா?" என்று மேடம் கேட்டார்.

ஸார் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "எரிச்சவங்க மேல ஆக்‌ஷன் எடுத்திருக்கோம் மேடம்" என்று என்னைக் கைகாட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆமா மேடம், ஒரே ஒருத்தி மேல" என்றேன். "அதோ சாம்பல் அள்ளிக்கிட்டிருக்கா பாருங்க, அவதான். இன்னிக்கு இந்தத் தெருவுல நெருப்பு வைக்காத ஆள் அவ ஒருத்திதான். சாயங்காலம் அவளை வேலையை விட்டு நிறுத்தப் போறோம்."

கன்னியம்மா தள்ளி இருந்ததால் இது அவள் காதில் விழவில்லை. மேடம் அவளைக் கூப்பிட்டு, "உனக்குப் போகி கிடையாதா?" என்று கேட்டார்.

"எப்படிம்மா கொளுத்தறது? எரிச்சா வேலை போயிடும்னாங்களே. இவங்களுக்கெல்லாம் இன்னா, யாருக்கும் வேலை போவாது" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து சாம்பலை அள்ள ஆரம்பித்தாள். வேலை பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் அள்ளினாள். என் பையில் அந்த லெட்டர் கனத்தது.

4. மாற்றி எழுதிய வரி

ஆபீசுக்குள் வந்ததும் மேடம் எங்கள் இலக்கை எடுத்து வரச் சொன்னார். படித்தார். "டாக்டரே, இதுல நீங்க செய்ய வேண்டியது எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டார். ஸார் அந்தத் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் காலி. அவர் கெட்ட மனுஷர் இல்லை. மேலே கேட்டார்கள், கீழே தள்ளிவிட்டார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம்.

அன்றைக்கே வரி மாறியது. விழுகிற இலையைத் தினமும் லாரி அனுப்பி எடுத்து உரக்குழியில் சேர்ப்பது ஆபீசின் பொறுப்பு, எரிக்கத் தடை அதற்குப் பிறகுதான் என்று எழுதினோம். லெட்டரை ஸார் முன்னாலேயே கிழித்தேன். அவர் பார்க்காத மாதிரி டப்பாவைத் திறந்தார். சும்மா சொல்லக்கூடாது, ரொட்டி பிரமாதம்.

இலக்கு எழுதப்போகும் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். எழுதினதைப் படித்துப் பாருங்கள். அதில் உங்களுக்கென்று ஒரு வேலையும் இல்லையென்றால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். இதை நான் மேடத்திடம் பாதிதான் கற்றேன். மீதி, பொங்கல் முடிந்து லாரி வராத ஒரு நாளில்.

அன்றைக்குக் கன்னியம்மா நேரே ஸார் ரூமுக்கே வந்துவிட்டாள். "ஸார், இலையைக் குவிச்சு வெச்சுட்டேன். லாரி வரல."

"வரும்மா. டிரைவர் லீவு."

"சரி ஸார்" என்றவள் போகாமல் நின்றாள். "நான் எரிச்சா என் வேலை போவும். லாரி வரலன்னா யார் வேலை போவும் ஸார்?"

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஸார் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். அவர் போனை இழுத்து லாரி ஷெட் நம்பரைச் சுழற்ற ஆரம்பித்தார்.